எஞ்சினைத் தாழ்த்திப் பொருத்த ஆயில் சம்பை மாற்றியமைத்தல்: முழுமையான வழிகாட்டி

ஒரு வண்டியில் அதற்கென வடிவமைக்கப்படாத வேறொரு எஞ்சினைப் பொருத்தும்போது, பெரும்பாலும் முதலில் இடிப்பது, எஞ்சினின் அடியில் எண்ணெயைத் தாங்கும் தொட்டியான ஆயில் சம்ப்தான். மேலே பானெட் மூட மறுக்கும்; எஞ்சினை இன்னும் கொஞ்சம் இறக்கலாம் என்றால், கீழே சேசிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரோ ஸ்டியரிங் ராக்கோ சம்பின் அடியில் முட்டி நிற்கும். அந்த இடத்தை வெட்டிக் குறைத்தால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தகட்டை வெட்டி வெல்டிங் செய்வது இந்த வேலையின் எளிய பகுதி. வண்டி வளைவில் திரும்பினாலும், மேட்டில் ஏறினாலும், பிரேக்கை அழுத்தி நின்றாலும், சம்பிலிருந்து பம்புக்கு எண்ணெயை உறிஞ்சும் பிக்-அப் குழாயின் வாய் எண்ணெயில் மூழ்கியே இருக்க வேண்டும். அதை உறுதிசெய்வதற்காகவே சம்புக்கு அதன் ஆழமும் வடிவமும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே கிராஸ் மெம்பருக்கு எந்த வடிவம் ஒத்துவரும் என்று யோசிப்பதற்கு முன்னால், பிக்-அப்புக்கு எந்த வடிவம் வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்களின் எஞ்சின்களில்தான், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளும் கனெக்டிங் ராடுகளை அதோடு இணைக்கும் பிக் எண்ட் பேரிங்குகளும் தேய்ந்து போகின்றன.

உண்மையில் எது தடுக்கிறது என்று அளப்பது

சம்பைத் தொடுவதற்கு முன், அதைக் கழற்றிவிட்டு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாக வண்டிக்குள் இறக்கிப் பாருங்கள். கிராங்க் ஷாஃப்ட்டில் தூசி படாதபடி அடிப்பகுதியைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். சம்ப் இல்லாத நிலையில் எஞ்சின் எவ்வளவு இறங்குகிறது, அப்போது அடுத்து முட்டுவது எது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிராங்க் புல்லி கிராஸ் மெம்பரில் இடிக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டியரிங் ஷாஃப்ட்டைத் தொடலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் சேசிஸில் உட்காரலாம். இந்த நிலைக்கும், சம்புடன் எஞ்சின் நிற்கும் நிலைக்கும் உள்ள வித்தியாசம்தான் சம்பை மாற்றுவதால் கிடைக்கக்கூடிய அதிகபட்ச ஆதாயம். அது 10 மி.மீ. என்று வந்தால், எஞ்சின் மவுண்டையோ பானெட்டையோ மாற்றுவது பல மடங்கு எளிது.

இதில் பலர் கவனிக்கத் தவறுவது, ஃப்ளைவீலை மூடி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கை. ஃப்ளைவீலின் விட்டம் மாறாததால், பெல் ஹவுசிங்கின் அடிவிளிம்பு கிராங்க் ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து எவ்வளவு கீழே வரும் என்பது மாற்ற முடியாத அளவு. சம்பின் தரை அந்த மட்டத்துக்கு வந்த பிறகு, அதற்கும் மேலே வெட்டிக் குறைப்பதால் தரை இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. எண்ணெய் மட்டுமே குறையும். கிராஸ் மெம்பர் குறுக்கே வரும் இடத்தில் மட்டும் இன்னும் மேலே வெட்டுவது வேறு விஷயம். அதற்குக் காரணம் இருக்கிறது.

எஞ்சினை இறக்கும்போது, கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். கிராங்க் ஷாஃப்ட்டின் அச்சும் டிஃபரன்ஷியல் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க, யுனிவர்சல் ஜாயின்ட்டுகளின் கோணம் ஏறத்தாழ 1 முதல் 3 பாகைக்குள் அமைந்தால் அதிர்வு எழாது. முன்பக்கத்தை மட்டும் தாழ்த்திவிட்டு கியர்பாக்ஸின் வாலைப் பழைய உயரத்திலேயே விட்டால் இந்த இணைத்தன்மை கெட்டுவிடும்.

இறுதி அளவுகளை வண்டி தன் சக்கரங்களில், வழக்கமான எடையோடு நிற்கும்போது எடுக்க வேண்டும். ரப்பர் மவுண்டுகளில் எஞ்சின் அசையும் என்பதால், சம்புக்கும் கிராஸ் மெம்பருக்கும் இடையே 15 முதல் 20 மி.மீ. இடைவெளி விடுவது நல்லது. ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்புறம் முழு அச்சு உள்ள வண்டியானால், சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது அச்சு எவ்வளவு மேலே வருகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சம்பின் அடி கிராஸ் மெம்பரின் கீழ்விளிம்பைவிட மேலே இருக்கட்டும். சாலையில் ஏதாவது இடித்தால், அது முதலில் இடிக்க வேண்டியது கிராஸ் மெம்பரைத்தான்.

வெட்டாமலே தீர்வு கிடைக்குமா?

ஒரே எஞ்சின் பல வண்டிகளில் வந்திருந்தால், தயாரிப்பாளரே அதற்கு வெவ்வேறு சம்புகளைச் செய்திருப்பார். எண்ணெய் தேங்கும் ஆழமான பகுதியான குழி முன்பக்கம் இருப்பது ஒன்று, பின்பக்கம் இருப்பது மற்றொன்று. பி.எம்.டபிள்யூ. ஈ30 வண்டியில் எம்50 வகை ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்துவோர், ஈ34 வண்டியில் வந்த பின்குழிச் சம்பைத் தேடிப் பிடிப்பது இதனால்தான். ஹோண்டாவின் கே24 எஞ்சினில் சம்புக்குள் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் தொகுதி இருப்பதால் அடியில் இடம் அடைகிறது. அதை நீக்கிவிட்டு, அது இல்லாத கே20 வகையின் ஆயில் பம்பைப் பொருத்துவது நன்கு அறியப்பட்ட வழி. இப்படி வேறு சம்பை எடுக்கும்போது அதற்குரிய பிக்-அப் குழாய், எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக், அதன் குழாய், உள்தடுப்புத் தகடு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக வாங்குங்கள். சம்பை மட்டும் தனியாக வாங்கியவர் மீதியை மறுபடியும் தேட வேண்டியிருக்கும்.

மற்றொரு வழி டிரை சம்ப். எண்ணெயை வெளியே தனித் தொட்டியில் வைத்து, கூடுதல் பம்புகளால் உறிஞ்சித் திருப்பி அனுப்பும் இந்த அமைப்பில் எஞ்சினின் அடியில் ஆழமற்ற தட்டு ஒன்றே போதும். 2006 மாடல் செவ்ரோலே கார்வெட் இசட்06 வண்டியின் எல்எஸ்7 எஞ்சின் தொழிற்சாலையிலிருந்தே டிரை சம்போடு வந்தது. செலவும் குழாய்களும் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் சம்பின் ஆழத்தில் பாதிக்கு மேல் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், சாதாரண சம்பை நசுக்கிப் போராடுவதைவிட இதுவே நேர்மையான தீர்வு என்பது என் கருத்து.

இழந்த எண்ணெயின் கணக்கு

குழியின் தரை 25 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆழத்தில் 4 செ.மீ. குறைத்தால் 25 × 20 × 4 = 2,000 கன செ.மீ., அதாவது சரியாக 2 லிட்டர் கொள்ளளவு போய்விடும். சுமார் 5 லிட்டர் கொள்ளும் எஞ்சினுக்கு இது பேரிழப்பு. எண்ணெய் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிக்-அப்பைச் சுற்றி இருப்பு இருக்காது.

ஆழத்தில் இழந்ததை அகலத்தில்தான் ஈடு செய்ய முடியும். குழியின் இருபக்கமும் 25 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்தில் இரண்டு இறக்கைகளை வைத்தால், ஒவ்வொன்றும் 1 லிட்டராகச் சேர்ந்து 2 லிட்டரும் திரும்பக் கிடைக்கும். ஆனால் இறக்கைக்குள் இருக்கும் எண்ணெய் பயன்பட வேண்டுமென்றால், அதன் தரை குழியை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே தேங்கும் எண்ணெய் வெறும் சுமை. இறக்கைகள் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் எக்ஸாஸ்ட் குழாயையும் எஞ்சின் மவுண்டையும் தொடக் கூடாது. சம்பை இறுக்கும் போல்ட்டுகளுக்கு ஸ்பானர் போக வழியும் இருக்க வேண்டும்.

கொள்ளளவைக் கூட்டாமல், ஆழம் குறைந்த சம்பில் பழைய அளவு எண்ணெயையே ஊற்றிச் சமாளிக்க முயல்வது ஆபத்தானது. எண்ணெய் மட்டம் உயர்ந்து, சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டின் எதிர் எடைகள் அதில் மோதி, எண்ணெயை நுரையாக்கிவிடும். நுரை பம்புக்குள் போனால் அழுத்தம் ஆட்டம் காணும், பேரிங்கில் எண்ணெய்ப் படலம் உடையும். எஞ்சின் நிற்கும் நிலையிலேயே எண்ணெயின் மேல்மட்டம் எதிர் எடைகளின் சுழற்சி வட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை மீறக் கூடாத விதியாகக் கொள்ளுங்கள்.

கிராங்குக்கும் பிக்-அப்புக்கும் விட வேண்டிய இடைவெளி

தரையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதைச் சொல்வது கனெக்டிங் ராடின் அடிப்பகுதி. இதை அளக்க மாடலிங் களிமண்ணே போதும். அட்டையில் செய்த மாதிரிச் சம்பின் தரையிலும் பக்கங்களிலும் களிமண்ணை 15 மி.மீ. கனத்தில் பரப்பி, ஒட்டாமல் இருக்க ராடு போல்ட்டுகளில் சிறிது எண்ணெய் தடவி, மாதிரியை அதன் இடத்தில் பிடித்துக்கொண்டு கிராங்க்கைக் கையால் முழுமையாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால், ராடு போல்ட்டின் தலை களிமண்ணில் வில் போன்ற பள்ளமாகப் பதிந்திருக்கும். பள்ளத்தின் அடியில் பிளேடால் கீறி, மீதமுள்ள கனத்தை வெர்னியர் காலிபரால் அளந்தால், அதுவே இடைவெளி. எந்த இடத்திலும் 6 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரைப் பகுதியில் அதைவிட நிறைய இருந்தால்தான் மேலே விழும் எண்ணெய் அமைதியாக வடியும்.

பிக்-அப்பின் வாய்க்கும் சம்பின் தரைக்கும் இடையே 6 முதல் 10 மி.மீ. என்பது நடைமுறையில் நிலைபெற்ற அளவு. அதன் காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. குழாயின் உள்விட்டம் 20 மி.மீ. என்றால் அதன் குறுக்குப் பரப்பு சுமார் 314 சதுர மி.மீ. சல்லடையுள்ள வாயின் விட்டம் 50 மி.மீ. என்றால் அதன் சுற்றளவு சுமார் 157 மி.மீ.; 2 மி.மீ. இடைவெளியில் எண்ணெய் நுழையும் வழியின் பரப்பு அதே 314 சதுர மி.மீ. தான். அதாவது 2 மி.மீ.க்குக் கீழே போனால் குழாயே நெரிக்கப்பட்டது போலாகும். குளிரில் எண்ணெய் தடித்திருப்பதையும் சல்லடை மறைக்கும் பரப்பையும் சேர்த்துப் பார்த்தால், 8 மி.மீ. இடைவெளி தரும் நான்கு மடங்கு வழி அவசியம் என்பது புரியும். மறுபுறம், இடைவெளி மிகுந்தால் தரையில் உள்ள எண்ணெய் எட்டாமலேயே கிடக்கும்.

சம்பு மேலே வந்த அளவுக்குக் குழாயையும் சுருக்க வேண்டும். வெட்டி இணைக்கும்போது உள்விட்டம் குறையக் கூடாது. வளைவு திடீரென மடங்கக் கூடாது. சல்லடை குழாயின் வாயில் இருப்பதால், வெல்டிங்கின்போது குழாய்க்குள் விழும் கசடு எந்த வடிகட்டலும் இல்லாமல் நேரே பம்புக்குள் போய்விடும். ஆகவே சல்லடையை இணைக்கும் முன்பே உட்புறத்தைத் துலக்கி, காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஊசித்துளை ஒன்று இருந்தாலும் பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும் என்பதால், ஒரு முனையை அடைத்து மறுமுனையில் மெல்லிய காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் மூழ்கவைத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். குழாயைத் தாங்கும் பிராக்கெட்டை விட்டுவிடாதீர்கள். தாங்கல் இல்லாத குழாய் அதிர்வில் விரிசல் விடும். ஓ-ரிங்கை எப்போதும் புதிதாகப் போடுங்கள்.

வெட்டுதலும் வெல்டிங்கும்

அட்டையில் மாதிரி செய்து, வண்டியில் வைத்துச் சரிபார்த்த பிறகே சம்பில் கோடு போடுங்கள். எஞ்சின் வண்டியில் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ சாய்ந்து உட்காருமானால், எண்ணெய் மட்டம் சம்பின் விளிம்புக்கு இணையாக இராது, சாலைக்குத்தான் இணையாக இருக்கும். கோடு போடும்போது இதை மறக்கக் கூடாது. விளிம்பிலிருந்து குறைந்தது 20 மி.மீ. தள்ளியே வெட்டினால், வெல்டிங்கின் சூடு விளிம்பைக் கோணலாக்குவது குறையும்.

தகட்டை அழுத்தி வடிவமைத்த எஃகுச் சம்பு என்றால் வேலை சுலபம்: 2 மி.மீ. எஃகுத் தகடு போதும், மிக் வெல்டிங்கோ டிக் வெல்டிங்கோ செய்யலாம். அலுமினிய வார்ப்புச் சம்பு அப்படியல்ல. பல எஞ்சின்களில் அதுவே கியர்பாக்ஸைத் தாங்கும் கட்டமைப்பின் பகுதியாகவும் இருப்பதால், பெல் ஹவுசிங்கோடு இணையும் காதுகளையும் அவற்றிலிருந்து வரும் விலா எலும்புகள் போன்ற முகடுகளையும் வெட்டக் கூடாது. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஊறிய வார்ப்பைக் கழுவினால் மட்டும் போதாது. சூடாக்கினால் நுண்துளைகளிலிருந்து எண்ணெய் வியர்வையாக வெளிவரும். துடைத்து, மீண்டும் சூடாக்கி, எண்ணெய் வருவது நிற்கும்வரை செய்து, அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய துருப்பிடிக்காத எஃகு பிரஷ்ஷால் துலக்க வேண்டும். நிரப்புக் கம்பியாக 4043 அல்லது 4047 ரகம் பொருந்தும். 5356 ரகக் கம்பி உறுதியானதுதான், ஆனால் அதில் மெக்னீசியம் அதிகம். 65 பாகை செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் இருக்கும் இடங்களில் அழுத்த அரிப்பால் விரிசல் விடும் இயல்பு அதற்கு உண்டு. சம்பின் எண்ணெய் 100 பாகையைச் சாதாரணமாகத் தொடும் என்பதால் அதைத் தவிர்க்கவும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் சம்பைக் கழுவிவிட்டு வெல்டிங் செய்யவே கூடாது. அதன் ஆவி வெல்டிங்கின் வெப்பத்திலும் புற ஊதாக் கதிரிலும் சிதைந்து ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயுவாகும், உயிருக்கே ஆபத்து. அசிட்டோனால் துடைத்து, முழுவதும் உலர்ந்து ஆவி கலைந்த பிறகு, காற்றோட்டமான இடத்தில் வேலையைத் தொடங்குங்கள்.

வெல்டிங்குக்கு முன் சம்பைப் பழைய எஞ்சின் பிளாக் ஒன்றிலோ, கனமான எஃகுத் தகட்டிலோ எல்லாப் போல்ட்டுகளையும் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். 25 மி.மீ. அளவுக்கு ஒரு தையல், பிறகு எதிர்ப்பக்கத்தில் ஒன்று என மாறி மாறிப் போட்டு, முழுவதும் ஆறிய பின்னரே கழற்றுங்கள். சூட்டோடு போல்ட்டைத் தளர்த்தினால் விளிம்பு தன் போக்கில் வளைந்துவிடும்.

தரைத்தகட்டை மூடுவதற்கு முன்பே உள்தடுப்புகளை வைத்துவிட வேண்டும். பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்புக்குச் சமமாகும்போது எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து நிற்கும். ஆழமான குழியில் அப்போதும் பிக்-அப் மூழ்கியிருக்கலாம். நாம் செய்த அகலமான, ஆழமற்ற சம்பில் எண்ணெய், தட்டில் ஊற்றிய தண்ணீரைப் போல ஒரே மூலைக்கு ஓடிவிடும். ஆகவே பிக்-அப்பைச் சுற்றி நான்கு சுவர்கள் எழுப்பி, அவற்றில் உள்நோக்கி மட்டும் திறக்கும் கீல் கதவுகளை வைக்க வேண்டும். எண்ணெய் உள்ளே வரும், வெளியே ஓடாது. மேலே துளையிட்ட கிடைத்தடுப்பு ஒன்றை வைத்தால் பிரேக் பிடிக்கும்போது எண்ணெய் மேலேறுவது தடைபடும். கீல்களின் ஆணிகள் எந்த நாளும் கழன்று விழாதபடி முனைகளைப் பூட்டுங்கள். டிப்ஸ்டிக் இறங்கும் வழியில் தடுப்பு குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரெய்ன் பிளக் மிகத் தாழ்வான இடத்தில், பின்நோக்கியோ பக்கவாட்டிலோ அமையட்டும். கீழ்நோக்கி இருந்தால் கல் அடித்துக் கழன்றுவிடும். டர்போ எஞ்சினில் டர்போவிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்க் குழாய், எண்ணெய் மட்டத்துக்கு மேலேதான் சம்புக்குள் நுழைய வேண்டும்.

கசிவுச் சோதனை

ஆறிய சம்பின் விளிம்பை நேர்க்கோலும், மெல்லிய அளவுத் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜும் கொண்டு சரிபாருங்கள். 0.1 மி.மீ. இலை எங்காவது நுழைந்தால் அந்த விளிம்பைச் சமப்படுத்த வேண்டும். பிறகு வெல்டிங் கோடுகளின் வெளிப்பக்கம் முழுவதும் சுண்ணாம்பு அல்லது சாக்பீஸ் கரைசலைப் பூசி உலரவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். மண்ணெண்ணெய் தண்ணீரைவிட நுணுக்கமாக ஊடுருவும். கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தாலும் வெள்ளைப் பூச்சில் ஈரக் கறை படர்ந்து காட்டிக்கொடுக்கும். கறை தெரிந்தால் மண்ணெண்ணெயைத் துளியும் மிச்சமின்றி நீக்கி, கழுவி உலர்த்திய பின்னரே மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும்.

அதே மேசையில் இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். எஞ்சின் வண்டியில் எந்தச் சாய்வில் இருக்குமோ அதே சாய்வில் சம்பை முட்டுக்கொடுத்து வைத்து, அரை அரை லிட்டராக எண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு முறையும் விளிம்பிலிருந்து மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கிராங்க்கின் சுழற்சி வட்டத்துக்குக் கீழே பாதுகாப்பாக நிற்கும் அதிகபட்ச அளவு எது என்பது இந்தப் பட்டியலில் தெரிந்துவிடும்.

பொருத்தி ஓட்டிப் பார்ப்பது

பொருத்தும்போது பழைய பசையின் துணுக்கு எதுவும் உள்ளே விழக் கூடாது. திரவக் கேஸ்கெட்டை அளவோடு போடுங்கள், உள்ளே பிதுங்கும் பசை பிரிந்து சல்லடையில்தான் போய் அடையும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தீர்மானித்த குறைந்தபட்ச அளவை ஊற்றி, வடிய நேரம் விட்டு டிப்ஸ்டிக்கில் கோடு கீறுங்கள். பிறகு அதிகபட்ச அளவுக்கு ஊற்றி இரண்டாவது கோட்டைக் கீறுங்கள். பழைய குறிகளை அரத்தால் அழித்துவிடுவது நல்லது, அடுத்து எண்ணெய் பார்ப்பவர் குழம்பக் கூடாது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆயில் பிரஷர் கேஜ் அசையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். ஃபில்டரும் வழிகளும் நிறைந்ததால் மட்டம் இறங்கியிருக்கும். ஃபில்டர் கொண்ட அளவை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடான பிறகு ஒவ்வொரு 1,000 ஆர்.பி.எம்.முக்கும் சுமார் 0.7 பார் அழுத்தம் என்பது பரவலாகக் கொள்ளப்படும் அளவுகோல். உங்கள் எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் தரும் அளவு இருந்தால் அதையே நம்புங்கள்.

பரந்த காலியிடம் ஒன்றில், உதவிக்கு ஒருவர் கேஜை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் இடமாகவும் பிறகு வலமாகவும் வட்டமடித்து வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பிறகு நேராக ஓட்டிப் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். முள் ஒரு கணம் சரிந்தாலும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பும்போது சரிந்ததோ, எண்ணெய் அதற்கு எதிர்ப்பக்கமாக ஓடியிருக்கிறது. பிக்-அப்பின் அந்தப் பக்கத்துச் சுவரையும் கதவையும்தான் திருத்த வேண்டும். எண்ணெயை அரை லிட்டர் கூட ஊற்றி இதை மறைத்துவிடாதீர்கள்.

முதல் எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பிரித்து அதன் மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மணிகள் வெல்டிங்கின் கசடாக இருக்கலாம், அவை அடுத்த முறை குறைய வேண்டும். செம்பு நிறத்திலோ மங்கிய வெள்ளி நிறத்திலோ ஒட்டாத மெல்லிய செதில்கள் தெரிந்தால் பேரிங் தேய்கிறது, சம்பைக் கழற்றாமல் வண்டியை நகர்த்தக் கூடாது.